புல்வெளியில் வைத்த கருவி

ஜூன் 9

அக்கா,

உன் நம்பரை நான் பிளாக் செய்துவிட்டேன் என்று இதற்குள் உனக்குத் தெரிந்திருக்கும். கோபத்தில் செய்ததுதான். ஆனால் கோபம் மட்டும் காரணம் இல்லை. போனில் நீ பேச ஆரம்பித்தால் ஐந்தாவது நிமிடம் நான் "சரிக்கா, சரிக்கா" என்று தலையாட்டிக்கொண்டிருப்பேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். தாளில் எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. தபால் ஆபீஸ் கவுன்டரில் பத்தொன்பது வருஷமாக ஊரார் கடிதத்துக்கெல்லாம் முத்திரை குத்துகிறேன். நானே உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதுவது கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

அவரை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்து மூன்று வாரம் ஆகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். சட்டைப் பித்தானைப் போட விரல் ஒத்துழைக்கவில்லை. பேச்சு கொழகொழவென்று வருகிறது. என்ன சொல்கிறார் என்று எனக்குப் புரிகிறது, மற்றவர்களுக்குப் புரியவில்லை. ஏப்ரல் பதினெட்டாம் தேதி மதியம் உலைக்கு மேலே மயங்கி விழுந்தபோது உடம்புச் சூடு நாற்பத்தொன்றைத் தாண்டி இருந்ததாம். ஹீட் ஸ்ட்ரோக், மூளையில் நடையையும் பேச்சையும் பார்த்துக்கொள்ளும் இடம் வெந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். அவர் அந்த வார்த்தையைத்தான் சொன்னார். 

நேற்று உங்கள் பாட்டில் தொழிற்சாலை மேனேஜர் வீட்டுக்கு வந்தார். பழம் வாங்கி வந்தார், பத்து நிமிடம் உட்கார்ந்தார், ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் இப்படி எழுதியிருக்கிறது: சம்பவம் நடந்த நேரத்தில் தொழிற்சாலையின் வெப்ப அளவு 28.6. எல்லை 30. பலகையில் பச்சை விளக்கு. ஆகவே இது வெப்பத்தால் வந்ததல்ல, ஊழியரின் உடல்நிலையும் கவனக்குறைவும் காரணம்.

அந்தப் பலகையை வைத்தது நீ. கம்பெனியின் காலநிலைக்கும் அந்த சஸ்டெய்னபிலிட்டி எல்லாவற்றுக்கும் தலைவி நீ. அதனால் உன்னிடம் ஒரே ஒரு கேள்வி. அன்றைக்கு அங்கே சூடு இருந்ததா, இல்லையா? ஆமாம் அல்லது இல்லை என்று எழுது.

உன் தங்கை


ஜூன் 20

அன்புள்ள வாலு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் தூக்கிவாரிப்போட்டது. கவரைப் பிரிக்காமல் பையில் வைத்துக்கொண்டு இரண்டு மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தேன்.

முதலில் மாப்பிள்ளையைப் பற்றி. நரம்புக்கான பயிற்சி நிலையம் ஒன்று இருக்கிறது, எனக்குத் தெரிந்த டாக்டர் நடத்துகிறார். ஆறு மாதம் விடாமல் பயிற்சி செய்தால் நடை பெருமளவு திரும்பும் என்கிறார். முகவரியைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். என் மேல் இருக்கும் கோபத்தை அந்தத் தாள் மேல் காட்டாதே.

உன் கேள்விக்கு வருகிறேன். எங்கள் சட்டப் பிரிவுத் தலைவர், ஊழியரின் குடும்பத்துக்கு எழுத்தில் எதையும் தரக்கூடாது என்று எல்லாருக்கும் சொல்லியிருக்கிறார். எந்த வாக்கியத்தைக் காட்டினாலும் இரண்டு கமா சேர்த்துக் கொடுப்பார் என்பதால் அவரை நாங்கள் கமா சார் என்று கூப்பிடுவோம். அவருக்குத் தெரிந்தால் இந்தக் கடிதத்துக்கு என்ன செய்வார் என்று தெரியாது. இருந்தாலும் எழுதுகிறேன்.

அந்தக் கருவி வெறும் தெர்மாமீட்டர் அல்ல. வெயில், காற்று, காற்றிலுள்ள ஈரம் மூன்றையும் சேர்த்து, மனித உடம்பு எவ்வளவு தாங்கும் என்பதை ஒரே எண்ணாகச் சொல்லும். அந்த எண் முப்பதைத் தாண்டினால் பலகையில் சிவப்பு எரியும், வேலையை நிறுத்த வேண்டும். வருஷத்துக்கு இரண்டு தடவை வெளியிலிருந்து ஆள் வந்து சோதிக்கிறார்கள். கடைசிச் சோதனை மார்ச்சில் நடந்தது. பிழை எதுவும் இல்லை. 28.6 என்பது சரியான எண்தான். அதை நான் பொய் என்று சொல்ல முடியாது.

அன்று அவர் போதுமான தண்ணீர் குடித்தாரா, காலையில் சாப்பிட்டாரா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. ஒரு உடம்பு விழுவதற்கு ஒரே காரணம்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. இதைப் படிக்கும்போது உன் முகம் எப்படிப் போகும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

பயிற்சி நிலையத்துக்குப் போங்கள். செலவு என்னுடையது.

அக்கா


ஜூன் 27

அக்கா,

ஆமாம் அல்லது இல்லை என்று கேட்டேன். நீ ஒன்றரைப் பக்கம் பூசி மெழுகியிருக்கிறாய். கமா சார் உன்னிடம் பாடம் படிக்கலாம்.

பயிற்சி நிலையத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறோம், உன் டாக்டரிடம் அல்ல. இங்கேயே ஒன்று இருக்கிறது.

அவர் என்ன சாப்பிட்டார், எத்தனை பாட்டில் தண்ணீர் குடித்தார் என்பதை அவரோடு வேலை செய்த வெல்டர் சொல்கிறார். அவர் வாரத்துக்கு இரண்டு நாள் வந்து இவரோடு உட்கார்ந்துவிட்டுப் போவார். அன்றைக்கு என்ன நடந்தது என்று அவர் சொன்னதை நீயும் தெரிந்துகொள்.

உலையின் கூரையில் பழைய செங்கலை எடுத்துவிட்டுப் புதிதாகப் பதிக்கும் வேலை. உலையை அணைக்க முடியாது, கண்ணாடி உள்ளே உறைந்துவிடும் என்று கீழே எரிந்துகொண்டே இருக்குமாம். மேலே ஏழு பேர். ஒன்றரை மணிக்கு இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள். இறங்கிவிடுகிறோம் என்று எல்லாரும் சூப்பர்வைசரான இவரிடம் சொன்னார்கள். இவர் நேரே கேட்டுக்குப் போய்ப் பலகையைப் பார்த்தார். பச்சை. திரும்பி வந்து ஆட்களிடம் சொன்னாராம்: "பச்சைதான் எரியுது. அது எங்க அக்கா வச்ச போர்டு, பொய் சொல்லாது."

அவர்கள் கேட்கவில்லை, இறங்கிவிட்டார்கள். ஏழு பேருக்கும் அரை நாள் கூலி போகுமே என்று இவர் தானே மேலே ஏறி மிச்சமிருந்த வரிசையைப் பதிக்க ஆரம்பித்தார். நாற்பது நிமிடம். சத்தம் வரவில்லையே என்று வெல்டர் ஏறிப் பார்த்தபோது கிடந்தாராம்.

நேற்று இவர் லாக்கரிலிருந்து சாமான்களை எடுத்துவரத் தொழிற்சாலைக்குப் போனேன். உன் கருவி எங்கே என்று காவலாளியிடம் கேட்டேன். ஆபீஸ் கட்டடத்துக்கு முன்னால் புல்வெளி நடுவில் வெள்ளைக் கம்பம், மேலே ஒரு கறுப்பு உருண்டை. சுற்றிலும் புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் குழாய் சுழன்றுகொண்டிருந்தது. அந்த இடத்தில் ஐந்து நிமிடம் நின்றேன். குளுகுளுவென்று இருந்தது, அக்கா. அங்கே யாரும் வேலை செய்யவில்லை.

உலைக்கும் அந்தக் கம்பத்துக்கும் இருநூற்றுப் பத்து அடி எடுத்து வைத்தேன். எண்ணிப் பார்த்தேன்.


ஆகஸ்ட் 2

வாலு,

உனக்குப் பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. இடையில் வெளிநாட்டில் ஒரு மாநாடு. கம்பெனிகளில் காலநிலைப் பொறுப்பில் இருக்கும் தலைவர்கள் நானூறு பேர் கூடியிருந்தோம். வெப்பத்திலிருந்து தொழிலாளர்களைப் பாதுகாக்கும் சிறந்த திட்டம் என்று எங்கள் பலகைத் திட்டத்துக்கு விருது கொடுத்தார்கள். ஜனவரியிலேயே முடிவான விருது. மேடையில் என்னைப் பற்றிப் படித்தார்கள்: இரண்டு வெயில் காலத்தில் ஒரு மணி நேரம்கூட வேலை நிற்கவில்லை, ஒரு நாள்கூடச் சிவப்பு எரியவில்லை என்று. எல்லாரும் கைதட்டினார்கள்.  வாங்கிக்கொண்டேன்.

ஒரு நாள்கூடச் சிவப்பு எரியவில்லை என்பதை நாங்கள் வெற்றி என்று எழுதினோம். உலை எரியும் தொழிற்சாலையில் இரண்டு வருஷம் சிவப்பே வராவிட்டால் யாராவது ஒருத்தர் தலையைச் சொறிந்திருக்க வேண்டும். நான் சொறியவில்லை.

கருவியை வைத்த இடம் விவாதத்துக்கு உரியது என்று ஒப்புக்கொள்கிறேன். இது ஆபீஸ் வார்த்தை என்று எனக்கே தெரிகிறது, வேறு வார்த்தை இன்னும் கை வரவில்லை. நான் படித்தது வானிலை. வானிலைக் கருவியை எங்கே வைக்க வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது: புல்தரையில், திறந்த வெளியில், சுவரிலிருந்து தள்ளி, அனல் தரும் எதற்கும் பக்கத்தில் இல்லாமல். ஊருக்கு மேலே இருக்கும் காற்றை அளப்பதற்கான விதி அது. உலைக்கு மேலே நிற்கிற மனிதரை அளக்க அதே விதியைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் துறையில் படித்தவர்கள்தான் இந்தத் தப்பைச் செய்வார்கள். படிக்காத யாரும் செய்யமாட்டார்கள்.

இதை மாற்ற ஒரு குழு போட்டிருக்கிறேன். டிசம்பருக்குள் முடிவு வரும். அதுவரைக்கும் நீ தொழிற்சாலை ஆய்வாளரிடம் புகாரைக் கொண்டுபோகாதே. போனால் கமா சார் கையில் எல்லாம் போய்விடும், என்னை அறைக்குள்ளேயே விடமாட்டார்கள். நான் உள்ளே இருந்தால்தான் ஏதாவது செய்ய முடியும். கொஞ்சம் பொறு.

அக்கா


ஆகஸ்ட் 11

அக்கா,

புகார் போன மாதமே கொடுத்தாகிவிட்டது.

ஆய்வாளர் அம்மா நல்லவராகத்தான் தெரிகிறார். மேஜையில் பைல் மலை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கம்பெனி ரெகார்டுல 28.6ன்னு இருக்கு. நீங்க வாயால சொல்றத வச்சு நான் ஒண்ணும் பண்ண முடியாதும்மா. கருவிய வச்சவங்க யாராவது, தப்பான இடத்துல வச்சோம்னு ஒரு பக்கம் எழுதித் தரட்டும். மறுநாளே உள்ள போறேன்."

ஒரு பக்கம். நீ இதுவரை எனக்கு எழுதியிருப்பதில் பாதிகூட இல்லை.

எனக்கு நீ எழுதிய கடிதத்தைக் காட்டலாமா என்று யோசித்தேன். காட்டவில்லை. நம்பி எழுதியதை எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்க மனசு வரவில்லை. இதற்கு நீ என்னைப் பாராட்ட வேண்டாம்.

அவர் காலையில் ஆறு மணிக்கு எழுந்துவிடுகிறார். யூனிபார்மைப் போட்டுக்கொள்கிறார், பித்தானை நான் போடுகிறேன். வாசலில் செருப்பு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். எட்டு மணிக்கு கம்பெனி பஸ் தெருவைக் கடந்து போகும். போனதும் உள்ளே வந்து சட்டையைக் கழற்றுகிறார். எதற்கு இப்படி என்று ஒரு நாள் கேட்டேன். பித்தான் சரியாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு நான் கேட்பதில்லை.

அந்த ஒரு பக்கத்தை எழுதிக் கொடு. குழு கிழு எல்லாம் உன்னோடு வைத்துக்கொள்.


டிசம்பர் 14

வாலு,

குழுவின் முடிவு வந்துவிட்டது. வேறு யாரும் உன்னிடம் திரித்துச் சொல்வதற்கு முன்னால் நானே எழுதுகிறேன்.

நீளமான அறை, பதினாறு நாற்காலி, எல்லார் முன்னாலும் தண்ணீர். கருவியை உலை மேடையிலேயே வைக்க வேண்டும் என்று அரை மணி நேரம் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன். எம்.டி. பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றைத்தான் கேட்டார்: "மேல வச்சா, வெயில் காலத்துல ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை நிக்கும்?" நாலு மணி நேரம் என்றேன்.  உற்பத்திப் பிரிவுக்காரர் பேனாவை மூடினார்.

பிறகு கமா சார் ஒரு வழி சொன்னார். கருவியை மேலே மாற்றலாம், தாராளமாக மாற்றலாம். ஆனால் புதிய இடத்துக்கு ஏற்ப எல்லையையும் சரிசெய்ய வேண்டும். எவ்வளவு? போன இரண்டு வருஷத்தில் எத்தனை மணி நேரம் நின்றதோ அதே அளவு நிற்கும்படி. போன இரண்டு வருஷத்தில் ஒரு மணி நேரமும் நிற்கவில்லை. அங்கேயே கணக்குப் போட்டார்கள். முப்பதாக இருந்த எல்லை முப்பத்தைந்து ஆனது.

முப்பத்தைந்துக்கு எந்தப் புத்தகத்திலும் ஆதாரம் இல்லை. சொன்னேன். அப்படியானால் திட்டத்தையே எடுத்துவிடலாமா என்று கேட்டார்கள். பலகையே இல்லாமல் போவதைவிட இது மேல் என்று அந்த நிமிடம் தோன்றியது. உள்ளே இருந்தால் அடுத்த வருஷம் முப்பத்துநான்காகக் குறைக்கலாம், அதற்கடுத்த வருஷம் முப்பத்துமூன்று என்று மனசு கணக்குப் போட்டது. என் பதவியில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தண்ணீர்பட்ட பாடு.

கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

 


ஜனவரி 5

அக்கா,

நீ போட்ட கையெழுத்தைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் உன் பக்கம்தான் பேசுவார். "அவங்க என்ன பண்ணுவாங்க பாவம்" என்பார். எனக்கு அதைக் கேட்கச் சகிக்காது.

இன்னொன்று. இதை முதல் கடிதத்திலேயே நீ சொல்வாய் என்று நினைத்தேன். அப்புறம் இரண்டாவதில், மூன்றாவதில் என்று பார்த்தேன். நீ சொல்லமாட்டாய் என்று இப்போது தெரிந்துவிட்டதால் நானே சொல்கிறேன். கருவியை நட்ட அன்றைக்கு நீ தொழிற்சாலைக்கு வந்திருந்தாய். வெல்டர் பக்கத்தில் நின்று கம்பத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். "இதை மேலே உலைகிட்ட வச்சா என்னம்மா?" என்று உன்னிடம் கேட்டாராம். நீ சிரித்தாயாம். "அங்க வச்சா ரீடிங் தப்பா வரும்" என்றாயாம். என் புருஷனும் கூடவே சிரித்தாராம்.

அந்த ஒரு பக்கத்தை எழுதியிருந்தால் அனுப்பு. இல்லாவிட்டால் எழுதாதே.


மார்ச் 3

வாலு,

இத்துடன் அந்த ஒரு பக்கம் இருக்கிறது. ஆய்வாளருக்கான பிரதியை நாளை மறுநாள் நானே நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். தபாலில் போட்டால் நடுவில் மனசு மாறிவிடும் என்று என் மேலேயே எனக்கு பயம்.

வெல்டர் சொன்னது உண்மை. நான் சிரித்தேன். அவர் கேட்டதும் அது சரியான கேள்வி என்று எனக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து பார்த்தது. அதையும் நான் மறைக்கக்கூடாது. ஆனால் சுற்றிலும் போட்டோ எடுக்க ஆட்கள், மேனேஜர், மாப்பிள்ளை. இவ்வளவு படித்துவிட்டு ஒரு வெல்டரிடம் 'ஆமாம், யோசிக்கவில்லை' என்று சொல்ல வாய் வரவில்லை. சிரித்தால் விஷயம் முடிந்துவிடும் என்று சிரித்தேன். எட்டு மாதமாக உன்னிடம் மறைத்தது இதைத்தான். கருவி, எல்லை, குழு எல்லாம் இதை மூடப் போட்ட போர்வை.

போன மாதம் பத்தொன்பதாம் தேதி தொழிற்சாலைக்குப் போனேன். வெயில் காலம் இன்னும் தொடங்கவில்லை, காலையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கிளம்பினேன். மதியம் இரண்டு மணிக்குக் கையில் பிடிக்கும் சின்னக் கருவியை எடுத்துக்கொண்டு உலை மேடைக்கு ஏறினேன். எட்டு வருஷமாக இந்தப் பதவியில் இருக்கிறேன். அந்த ஏணியில் கால் வைத்தது அன்றுதான்.

மூச்சு விட்டால் மூக்கின் உள்பக்கம் எரிந்தது. கைப்பிடிக் கம்பியைத் துணி சுற்றித்தான் பிடிக்க முடிந்தது. செங்கல் அடுக்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் என்னை வினோதமாகப் பார்த்தார்கள். கைக்கருவியும், அங்கே மாற்றி வைத்திருந்த பெரிய கருவியும் 34.1 காட்டின. நின்று பார்ப்போம் என்று நின்றேன். ஆறாவது நிமிடம் காது அடைத்தது. எண்ணைக் குறித்துக்கொள்ள நோட்டைத் திறந்தேன். நோட்டில் என்ன எழுத வேண்டும் என்று மறந்துபோனது. பதினோராவது நிமிடம் அந்த இரண்டு பேர் என்னைப் பிடித்து இறக்கிவிட்டார்கள். கீழே உட்கார்ந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டபோது நிமிர்ந்து பார்த்தேன். பலகையில் பச்சை எரிந்துகொண்டிருந்தது. நான் கையெழுத்துப் போட்ட எல்லைக்கு 34.1 கீழேதானே.

மாப்பிள்ளை அங்கே நாற்பது நிமிடம் இருந்திருக்கிறார். ஏப்ரலில்.

வேலை போகும். போகட்டும். உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன், அதை எந்த வார்த்தையில் கேட்பது என்று தெரியவில்லை. அந்த ஒரு பக்கத்தைப் படி. கமா ரொம்ப இல்லை.

அக்கா


மார்ச் 8

அக்கா,

உன் கடிதம் நேற்று என் கவுன்டருக்கே வந்தது. முத்திரை குத்தப் போனவள் கையெழுத்தைப் பார்த்து நிறுத்திவிட்டேன். வரிசையில் பதினைந்து பேர் நிற்க, உள்ளே போய்ப் படித்தேன். அழுதேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இனி நான் சொல்லப்போவதைக் கேட்டு நீ என்னைக் காறித் துப்பினாலும் சரி.

பிப்ரவரி இருபத்தாறாம் தேதி மேனேஜர் மறுபடியும் வந்தார். இவருக்கு ஒரு வேலை தருகிறோம் என்றார். உட்கார்ந்து பார்க்கும் வேலை. கேட்டுக்குப் பக்கத்தில் ஏசி போட்ட சின்ன அறை. பலகையில் ஓடும் எண்ணை மணிக்கு ஒரு தடவை நோட்டில் எழுத வேண்டும், சிவப்பு வந்தால் சங்கை அழுத்த வேண்டும். சிவப்புதான் வராதே என்று சொல்லிச் சிரித்தார். அதற்குப் பதிலாக நான் புகாரைத் திரும்பப் பெற வேண்டும்.

நான் கையெழுத்துப் போட்டேன், அக்கா. உன்னை எட்டு மாதம் கண்ணில் விரல் விட்டு ஆட்டியவள், கேட்ட ஐந்தாவது நிமிடத்தில் போட்டேன். ஏன் என்றால் இவர் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தால் ஷூவைக் கையில் எடுத்து வைத்திருக்கிறார்.

மார்ச் முதல் தேதியிலிருந்து போகிறார். எட்டு மணி பஸ்ஸில் அவரும் ஏறுகிறார். வெல்டர் கையைப் பிடித்து ஏற்றிவிடுகிறார். மாலையில் வந்து, இன்றைக்கு இத்தனை மணிக்கு இத்தனை என்று எனக்குச் சொல்கிறார். போன வாரம் இரண்டு பித்தான் அவரே போட்டார்.

அதனால் கேட்கிறேன். அந்தப் பக்கத்தைக் கொடுக்காதே. கேட்டது நான்தான். இப்போது வேண்டாம் என்பதும் நான்தான். உலை மேலே நிற்பவர்களை நான் நினைக்காமல் இல்லை. நினைத்தால் சோறு இறங்கவில்லை. ஆனாலும் கேட்கிறேன். கொடுத்துவிட்டால் அன்றைக்கே இவரை வெளியே அனுப்புவார்கள். இவருக்கு வேறு எந்த இடத்தில் யார் நாற்காலி போடுவார்கள்?

விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.


மார்ச் 12

வாலு,

ஐந்தாம் தேதியே கொடுத்துவிட்டேன். பத்தாம் தேதி என்னை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆய்வாளர் வாங்கிப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இன்னொரு தடவை படித்தார். புகார் திரும்பப் பெறப்பட்டது பற்றி அவர்தான் எனக்குச் சொன்னார். எதற்காக என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் அன்றைக்குத் தெரியவில்லை. இந்தப் பக்கம் ஒன்றே போதும், புகார் தேவையில்லை என்றார்.

உன் கடிதம் முன்னால் வந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். உனக்காகக் கொடுக்காமல் இருந்திருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. அப்படிக் கொடுக்காமல் இருந்திருந்தால் மேலே இருக்கும் ஏழு பேரை மறுபடியும் நானே நிற்க வைத்திருப்பேன். உன் தபால் பிந்தியது நல்லதாகப் போயிற்று என்று ஒரு நிமிடம் நினைத்தேன். உன் வீட்டை நினைத்ததும் அந்த நினைப்பே சுட்டது.

மாப்பிள்ளையை இரண்டாவது தடவையும் நான்தான் விழவைக்கிறேன். முதல் தடவை யோசிக்காமல் செய்தேன். இந்தத் தடவை யோசித்துத்தான் செய்திருக்கிறேன். எனக்குப் பதில் போட வேண்டாம்.

அக்கா


ஏப்ரல் 4

அக்கா,

பதில் போடவேண்டாம் என்றுதான் நானும் இருந்தேன்.

முந்தாநாள் மாலை ஆய்வாளர் அம்மா மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாராம். விசாரணை முடியும்வரை எல்லை முப்பதுதான் என்று உத்தரவு போட்டு, பலகையில் சீல் வைத்துவிட்டுப் போனார். இவரை உடனே அனுப்பிவிடுவார்கள் என்று நான் பயந்தேன், அனுப்பவில்லை. நாற்காலியில் அவரே இருந்தால் சொன்னபடி கேட்பார் என்று நினைத்திருக்கலாம்.

நேற்று காலை பத்து நாற்பதுக்கு எண் முப்பதைத் தாண்டியது. சிவப்பு எரிந்தது. மேலே அந்த ஏழு பேர். இவர் சங்கை அழுத்தக் கையைக் கொண்டுபோகும்போது மேனேஜர் அறைக்குள் வந்துவிட்டார். தோளில் கை போட்டு, இன்னும் ஒரு வரிசைதான் மிச்சம், அரை மணி நேரம் பொறுத்து அழுத்தலாம் என்று நல்ல விதமாகத்தான் சொன்னாராம். பலகையில் சீல் இருக்கிறது, நோட்டில் சீல் இல்லை. "நோட்டுல 29ன்னு எழுதுங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

இவர் நோட்டில் 31 என்று எழுதினார். விரல் ஒத்துழைக்காமல் எழுத்து அடுத்த கட்டத்துக்குள் போய்விட்டது, அதனால் அடித்துவிட்டு மறுபடியும் ஒழுங்காக எழுதினாராம். மேனேஜர் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு இவர் சங்கை அழுத்தினார். விரல் நழுவியதால் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

பன்னிரண்டு மணிக்கு வெல்டர் அவரை வீட்டில் கொண்டுவந்து விட்டார். நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். நான் தலையில் அடித்துக்கொண்டேன். உன்னையும் திட்டினேன், அவரையும் திட்டினேன். என் கோபம் ஆறவில்லை, எப்போது ஆறும் என்று தெரியாது. நீ இங்கே வராதே, இப்போதைக்கு வராதே.

இன்று காலையும் ஆறு மணிக்கு எழுந்தார். யூனிபார்ம் போடவில்லை. பஸ் போகும் சத்தம் கேட்டபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தார், நிமிர்ந்து பார்க்கவில்லை. சாப்பிட்டு முடித்ததும் தாளும் பேனாவும் கொண்டுவரச் சொல்லி என்னை எதிரே உட்கார வைத்தார். ஒவ்வொரு வார்த்தையாக, நான் புரிந்துகொள்ளும் வரைக்கும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"அக்காவுக்கு எழுது. ஏழு பேரும் இறங்கிட்டாங்க."

எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.